என் நம்பர் உங்க போன்ல இருக்கு

ப்ரைவசி பத்தி யார் எழுதினாலும் கடைசியில ஒரு செட்டிங்ஸ் லிஸ்ட் குடுத்து முடிச்சிடுறாங்க. லொகேஷன ஆஃப் பண்ணுங்க, பாஸ்வேர்ட மாத்துங்க, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்க, எந்த ஆப்புக்கு என்ன பெர்மிஷன் குடுத்திருக்கீங்கன்னு பாருங்க. எல்லாம் சரிதான், நானும் பண்ணிருக்கேன், நீங்களும் பண்ணுங்க. ஆனா இந்த லிஸ்ட் எல்லாத்துக்கும் அடியில ஒரு நெனப்பு இருக்கு, என் ப்ரைவசி என் போனுக்குள்ளதான் இருக்கு, அதை நான் ஒழுங்கா பூட்டிட்டா போதும்னு. அதுதான் எனக்கு ஒத்துவரல. என்னைப் பத்தின விஷயத்துல பாதிக்கு மேல என் போன்லயே இல்ல. என் அத்தை பொண்ணு போன்ல இருக்கு, பழைய ஆபீஸ்ல கூட வேலை பார்த்தவர் போன்ல இருக்கு, எப்பவோ ஒரு தடவை குழாய் ரிப்பேர் பண்ண வந்தவர் போன்ல இருக்கு. அவங்க போன்ல நான் எந்த செட்டிங்க மாத்த முடியும் சொல்லுங்க.

புது ஆப் எதை இன்ஸ்டால் பண்ணினாலும் மொதல்ல கேக்குறது உங்க ஃப்ரெண்ட்ஸ் யாரெல்லாம் இங்க இருக்காங்கன்னு பாக்கலாமான்னுதான். கேக்குற அழகே தனி. சரின்னு சொல்ற பட்டன் பெருசா கலரா நடுவுல நிக்கும், வேண்டாம்னு சொல்றது கீழ சாம்பல் கலர்ல பொடி எழுத்துல இருக்கும். தட்டிட்டு போய்ட்டே இருக்கோம். அந்த ஒரு தட்டுல நம்ம விஷயம் கொஞ்சம்தான் போகுது, போறதெல்லாம் மத்தவங்க விஷயம், நூத்துக்கணக்கான பேரோட பேர், நம்பர், சில பேருக்கு ஈமெயில், பொறந்தநாள், வீட்டு அட்ரஸ் வரைக்கும். அதுவும் நாம சேவ் பண்ற லட்சணம் இருக்கே! "சுகர் டாக்டர்", "வக்கீல் டைவர்ஸ் கேஸ்", "லோன் எடுக்காதே", "ரவி பழைய மாப்ள". ஒரே நம்பர நாலு பேர் நாலு விதமா சேவ் பண்ணி, அந்த நாலும் ஒரே எடத்துல போய் சேந்தா, அந்த மனுஷன் என்ன வேலை பாக்குறார், யாருக்கு என்ன சொந்தம், என்ன கஷ்டத்துல இருக்கார்னு ஒரு சின்ன ஜாதகமே எழுதிடலாம். அவர் அந்த ஆப்ப வாழ்க்கையில ஒரு தடவை கூட தொறந்திருக்க மாட்டார்.

இது சும்மா கற்பனை இல்ல. 2013 ஜூன்ல ஃபேஸ்புக்ல ஒரு பக், அதாவது சாஃப்ட்வேர்ல ஒரு தப்பு, வெளிய வந்துச்சு. தன்னோட டேட்டாவ டவுன்லோட் பண்ணினவங்களுக்கு, அவங்க ஃப்ரெண்ட்ஸ் ஃபேஸ்புக்குக்கு குடுக்கவே குடுக்காத நம்பரும் ஈமெயிலும் சேந்து வந்துடுச்சு. வேற யாரோ அப்லோட் பண்ணின கான்டாக்ட் லிஸ்ட்லேந்து எடுத்து, அந்தந்த ஆளோட ப்ரொஃபைலுக்குப் பின்னாடி ஒட்டி வெச்சிருந்தாங்க, அது தெரியாத்தனமா கசிஞ்சிடுச்சு. 60 லட்சம் பேர்னு அவங்களே சொன்னாங்க. எனக்கு அதுல அதிர்ச்சியா இருந்தது கசிஞ்சது இல்ல, ஒட்டி வெச்சிருந்தது. 2018 ஏப்ரல்ல அமெரிக்க காங்கிரஸ்ல மார்க் ஸக்கர்பெர்க உக்கார வெச்சு கேட்டப்போ, அக்கவுண்டே இல்லாதவங்க டேட்டாவும் எடுக்குறோம், பாதுகாப்புக்காகன்னு ஒத்துக்கிட்டார். அக்கவுண்ட் இல்லாத ஆள் எந்த செட்டிங்ஸ் பக்கத்துல போய் அதை ஆஃப் பண்ணுவான்?

அப்புறம் 2021 ஏப்ரல்ல 53 கோடிக்கும் மேல ஃபேஸ்புக் யூசர்களோட நம்பர், பேர் எல்லாம் ஒரு ஹேக்கிங் தளத்துல இலவசமா கெடந்துச்சு, 106 நாட்டுக்காரங்க. எப்படி எடுத்தாங்கன்னு பாத்தா அதே கான்டாக்ட் தேடுற வசதிதான். நம்பர்கள கட்டுக்கட்டா உள்ள விட்டு, எது எந்த ப்ரொஃபைலோட பொருந்துதுன்னு பாத்து வழிச்செடுத்துருக்காங்க. 2019-லயே ஓட்டைய அடைச்சிட்டோம்னு கம்பெனி சொன்னாங்க, சரி, ஆனா போன நம்பர் போனதுதான. பாஸ்வேர்டுன்னா மாத்திடலாம். போன் நம்பர எத்தன பேர் மாத்துவீங்க? பேங்க், ஆபீஸ், ஸ்கூல், எல்லாம் அந்த ஒரு நம்பர்லதான் தொங்கிட்டிருக்கு.

தெரியாத நம்பர்லேந்து போன் வந்தா பேர் காட்டுற ஆப்கள் இருக்கு இல்லையா, அதை வெச்சிருக்குறவங்க கிட்ட நான் ஒரு கேள்வி கேப்பேன். அந்தப் பேர அந்த ஆப்புக்கு யாருங்க சொன்னா? அந்த மாதிரி ஆப்கள் பலதும் வளந்ததே யூசர்களோட போன்புக்க சேத்து சேத்துதான். எனக்கு ஒருத்தர் சொன்ன பதில், "ஸ்பேம் கால் தொல்லை தாங்கல, எனக்கு உபயோகமா இருக்கு, அவ்ளோதான்." நியாயம்தான், தொல்லை உண்மைதான். அவருக்குக் கெடைக்கிற உபயோகத்துக்கு அவர் குடுக்குற விலை மட்டும் அடுத்தவன் பையிலேந்து போகுது.

ஃபேஸ்புக் டேட்டாவ எலக்ஷன் வேலைக்கு எடுத்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா கம்பெனி விவகாரம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஆனா எலக்‌ஷன், ட்ரம்ப், பிரெக்ஸிட்னு பேசி பேசி அதுல இருந்த கணக்க எல்லாரும் மறந்துட்டாங்கன்னு தோணுது. ஒரு குவிஸ் ஆப். அதை உண்மையில இன்ஸ்டால் பண்ணினவங்க சுமார் 2,70,000 பேர். டேட்டா போயிருக்கலாம்னு ஃபேஸ்புக் சொன்ன எண்ணிக்கை 8.7 கோடி வரைக்கும். மிச்சம் எல்லாரும் யாரு? அந்த 2,70,000 பேரோட ஃப்ரெண்ட்ஸ். ஒருத்தர் ஒரு தட்டு தட்டினா அவருக்குப் பின்னாடி முன்னூத்துச் சொச்சம் பேர் போயிருக்காங்க. அவங்க எல்லாம் செட்டிங்ஸ்ல ஜாக்கிரதையா இருந்தவங்களா இல்லையான்னு யாரும் கேக்கல, பெரும்பாலும் கேக்க வேண்டிய அவசியமும் இல்ல. 2019-ல அமெரிக்காவுல நுகர்வோர் பாதுகாப்ப பாக்குற எஃப்டிசி ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் போட்டாங்க, பெரிய நியூஸ் ஆச்சு, ஷேர் விலை ஒண்ணும் ஆகல.

இதே கணக்கு வேற எடத்துலயும் வருது. 23அண்ட்மீன்னு எச்சில் அனுப்பினா டிஎன்ஏ பாத்து சொல்ற கம்பெனி. 2023-ல அங்க புகுந்தவங்க நேரடியா தொறந்தது சுமார் 14,000 அக்கவுண்ட். வெளிய போனது 69 லட்சம் பேரோட தகவல், ஏன்னா சொந்தக்காரங்கள தேடிக் காட்டுற ஒரு வசதி அதுல இருந்துச்சு. வேற எங்கயோ உபயோகிச்ச பாஸ்வேர்டயே இங்கயும் போட்டு வெச்சது யாரோ ஒரு தூரத்து அண்ணன், மாட்டினது தங்கச்சி.

இப்ப மைக் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இதை எழுதினா கமென்ட்ல மொதல்ல வரப்போறது அதுதான். "நாங்க ரெண்டு பேரும் பேசிட்டுதான் இருந்தோம், தேடவே இல்ல, அடுத்த நாள் அதே விளம்பரம் வருது, போன் ஒட்டு கேக்குது." இதை சொல்லாத ஆளே இல்ல. நானும் இதை நம்பிக்கிட்டிருந்த கூட்டத்துல பாதி மனசா நின்னவன்தான், ஆனா ஆராய்ச்சி பண்ணினவங்க இருக்காங்க. அமெரிக்காவுல நார்த்ஈஸ்டர்ன் யூனிவர்சிட்டி ஆளுங்க 17,000-க்கும் மேல ஆண்ட்ராய்டு ஆப்கள ஓட விட்டு, என்ன டேட்டா வெளிய போகுதுன்னு பாத்து 2018-ல எழுதினாங்க. மைக்க திருட்டுத்தனமா ஆன் பண்ணி சத்தத்த அனுப்பின ஆப் ஒண்ணும் சிக்கல. ஆனா யூசர் ஸ்க்ரீன்ல பண்றத படம் புடிச்சு மூணாவது ஒரு கம்பெனிக்கு அனுப்பின ஆப் சிக்குச்சு! நாம காதப் பொத்திக்கிட்டு நின்னோம், அவன் கண்ணு வழியா பாத்துட்டு போயிருக்கான். (மைக் பயமே தப்புன்னும் சொல்லல. வாய்ஸ் அசிஸ்டென்ட்கள்ல பதிவானத மனுஷங்க ஒக்காந்து கேட்டாங்கன்னு 2019-ல பெரிய கம்பெனிகள் பலதும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஒத்துக்கிட்டாங்க. அது வேற கதை.)

அப்ப அந்த விளம்பரம் எப்படித்தான் வந்துச்சு? நீங்க தேடல, சரி. உங்ககூட பேசினவர் தேடியிருப்பார். ரெண்டு பேரும் ஒரே வைஃபைல இருந்திருப்பீங்க, அதனால வெளிய ரெண்டு போனுக்கும் ஒரே ஐபி அட்ரஸ், நெட்ல அடையாளம் காட்டுற நம்பர். ரெண்டு போனும் ஒரே எடத்துல ஒரே நேரத்துல மணிக்கணக்கா இருந்திருக்கும். ஒருத்தர் கான்டாக்ட்ல இன்னொருத்தர் இருக்கார், ஒரே க்ரூப்ல இருக்கீங்க, வயசும் கிட்டத்தட்ட ஒண்ணு. இவன் ஷூ தேடினா அவனுக்கும் ஷூ காட்டிப் பாப்போம், போனா போகுது, வந்தா லாபம். வெப்சைட் தொறக்குற அந்த ஒரு நொடிக்குள்ள விளம்பர எடம் ஏலத்துக்குப் போய் முடிஞ்சிடுது, அதுல இந்த மாதிரி ஆயிரம் யூகம் ஓடும். பத்துல ஒம்போது விளம்பரம் சம்பந்தமே இல்லாம வந்து போறத நாம கவனிக்கிறதே இல்ல, பத்தாவது கரெக்டா வந்ததும் ஐயோன்னு அலர்றோம்.

யோசிச்சுப் பாத்தா எனக்கு மைக் கதைய விட இதுதான் பயமா இருக்கு. மைக்குன்னா ஒரு பெர்மிஷன ஆஃப் பண்ணினா முடிஞ்சுது. உங்க பக்கத்துல உக்காந்திருக்கிறவர எப்படி ஆஃப் பண்றது? லொகேஷன் பத்தி 2013-ல வந்த ஒரு ஆய்வு, 15 லட்சம் பேரோட மொபைல் நடமாட்டத்த பேர் இல்லாம எடுத்து வெச்சு பாத்தாங்க. எந்த நேரத்துல எங்க இருந்தாங்கன்னு நாலே நாலு புள்ளி தெரிஞ்சா போதும், 95 சதவீதம் பேர தனியா பிரிச்சு எடுத்துடலாம்னு வந்துச்சு. ராத்திரி தூங்குற எடம், பகல்ல வேலை பாக்குற எடம், ரெண்டு புள்ளி ஆச்சு. மிச்ச ரெண்டும் உங்க ஃப்ரெண்டு உங்கள டேக் பண்ணி போடுற போட்டோவுலேயே இருக்கும்.

போட்டோன்னதும் ஞாபகம் வருது. என் சொந்தத்துல ஒரு விசேஷம், ஆளாளுக்கு போட்டோ எடுத்தாங்க, எடுத்த சூட்டோட ஸ்டேட்டஸ்ல போட்டாங்க. ஒரு அக்கா மட்டும் "என் பொண்ணு இருக்குற போட்டோவ யாரும் பப்ளிக்கா போடாதீங்கப்பா"ன்னு க்ரூப்ல எழுதினாங்க. அவ்ளோதான் எழுதினாங்க. அதுக்கு வந்த பதில்கள பாக்கணுமே. "அப்படி என்ன ரகசியம்", "நாங்க என்ன வேத்து ஆளா", "ரொம்பத்தான் பண்றீங்க". கடைசியில அந்த அக்காதான் மன்னிப்பு கேக்குற மாதிரி ஆயிடுச்சு. நான் அவங்க பக்கம் பேசினேன், என்னையும் சேத்து திட்டினாங்க, அது பரவால்ல. ஆனா யோசிங்க, அந்தப் பொண்ணுக்கு இன்னும் பேச்சே சரியா வரல. அதோட மூஞ்சி, பேர், பொறந்த தேதி, எல்லாம் கேக் படத்தோட சேந்து ஊர் பூரா போயாச்சு. கிளியர்வியூ ஏஐன்னு ஒரு கம்பெனி சோஷியல் மீடியாவுலேந்தும் வெப்சைட்கள்லேந்தும் 300 கோடிக்கும் மேல போட்டோக்கள உருவி, மூஞ்சிய வெச்சு ஆளக் கண்டுபிடிக்கிற மெஷின் ஒண்ணு செஞ்சு போலீஸ்காரங்களுக்கு வித்துக்கிட்டிருந்தது 2020 ஜனவரியில வெளிய வந்துச்சு. அதுல இருக்குறவங்க எல்லாம் அவங்களே போட்ட செல்ஃபியா? பின்னாடி வரிசையில நின்னவங்க, அடுத்தவங்க போட்டோவுல ஓரமா வந்தவங்க எல்லாம் இருப்பாங்க.

வாட்ஸ்அப்ல எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் இருக்கு, 2016-லேந்து எல்லாருக்கும் இருக்கு, நல்ல விஷயம், அதை நான் கொறை சொல்ல மாட்டேன். நடுவுல இருக்குறவன் படிக்க முடியாது. ஆனா அந்த முனையில இருக்குறது மனுஷன். நீங்க மனசு ஒடஞ்சு ராத்திரி அனுப்பின மெசேஜ் காலையில ஸ்க்ரீன்ஷாட்டா வேற க்ரூப்ல இருக்கும், "யார்கிட்டயும் சொல்லிடாத"ன்னு ஒரு வரியோட. வாய்ஸ் நோட்ட ஸ்பீக்கர்ல போட்டுக் கேக்குறவங்க தனி ரகம். மறைஞ்சு போற மெசேஜ், ஒரு தடவை மட்டும் பாக்குற போட்டோ எல்லாம் வந்துச்சு, அதை இன்னொரு போன்ல படம் புடிக்க ஆகுற நேரம் மூணு செகண்ட்.

ஏன் இப்படி கை தானா போகுதுன்னு கேட்டா, நம்ம குணம் பாதி, டிசைன் பாதின்னு நெனைக்கிறேன். முடிவே இல்லாம கீழ போய்ட்டே இருக்குற ஸ்க்ரோல 2006-ல வடிவமைச்ச அஸா ரஸ்கின் அப்புறம் அதுக்காக வருத்தப்பட்டுப் பேசினார், அது பாக்குற பழக்கத்துக்கு. போடுற பழக்கத்துக்கு என்னைக் கேட்டா ஸ்டோரீஸ்தான் பெரிய காரணம். ஸ்னாப்சாட் 2013-ல கொண்டு வந்துச்சு, 2016-ல இன்ஸ்டாகிராம் எடுத்துக்கிச்சு, அப்புறம் எல்லாரும். 24 மணி நேரத்துல போயிடும்னு சொன்னதும் நமக்கு ரெண்டு விஷயம் ஆச்சு. ஒண்ணு, போயிடப்போறது தானேன்னு ஒரு அலட்சியம். இன்னொண்ணு, இப்பவே போடணும்ன்ற அவசரம், விசேஷம் முடிஞ்சு போட்டா ருசி இல்ல. அந்த அவசரத்துல படத்துல இருக்குற அஞ்சு பேர்கிட்ட போடலாமான்னு கேக்குறதுக்கு எடமே இல்ல. கேட்டாலும் கேக்குறவன ஒரு மாதிரி பாப்பாங்க.

"எனக்கு மறைக்க ஒண்ணும் இல்ல"ன்றவங்க கிட்ட நான் இப்பல்லாம் வாதாடுறது இல்ல. உங்களுக்கு இல்லாம இருக்கலாம், சந்தோஷம். உங்க போன்ல இருக்குற முன்னூறு பேருக்கும் இல்லையா? அடிக்கிற புருஷன்கிட்டேந்து தப்பிச்சு வேற ஊருக்கு நம்பர் மாத்திட்டு போன பொண்ணு ஒருத்தி அதுல இருக்கலாம். அவ புது நம்பர உங்கள நம்பி குடுத்திருப்பா, நீங்க புதுசா ஒரு ஆப்ல சரின்னு தட்டின உடனே அந்தப் புருஷனோட ஸ்க்ரீன்ல "உங்களுக்குத் தெரிஞ்சவரா இருக்கலாம்"னு அவ மூஞ்சி வந்து நிக்கலாம். ஆபீஸ்ல தெரியாம வேற வேலை தேடுறவர், வீட்ல சொல்லாம டாக்டர பாக்குறவர், எழுதினா ஆபத்து வர்ற பத்திரிகைக்காரர். இவங்க யாரோட ரகசியமும் உங்களுது இல்ல, ஆனா சாவி உங்க கையில இருக்கு.

கம்பெனிகளும் கொஞ்சம் அசைஞ்சிருக்காங்கன்னு சொல்லணும். ஐபோனோட சாஃப்ட்வேர் ஐஓஎஸ் 18-லேந்து ஒரு ஆப் கான்டாக்ட் கேட்டா மொத்தத்தையும் தூக்கிக் குடுக்க வேண்டாம், வேணும்ன்ற ஆளுங்கள மட்டும் தேர்ந்தெடுத்துக் குடுக்கலாம், மொதல் ஐபோன் வந்து பதினேழு வருஷம் கழிச்சு வந்த ஞானம். சிக்னல்ன்ற மெசேஜ் ஆப்ல 2024-லேந்து யூசர்நேம் வெச்சு பேசலாம், நம்பர் காட்ட வேண்டாம். ஆனா சிக்னல்ல பேச ஆள் வேணுமே. 2021 ஜனவரியில வாட்ஸ்அப் பாலிசி மாத்துதுன்னு பரபரப்பாகி கூட்டமா கெளம்பினாங்க, என் க்ரூப்கள்ல இருந்தவங்களும் வந்தாங்க, ஒரு வாரம் ஹாய் ஹலோ சொன்னாங்க, அப்புறம் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா பழைய எடத்துக்கே திரும்பிட்டாங்க. நானும் வாட்ஸ்அப்லதான் இருக்கேன். எல்லாரும் அங்க இருக்குறப்ப நான் மட்டும் எங்க போய் யார்கிட்ட பேசுறது?

நான் பண்றது ரொம்ப சாதாரணம். எந்த ஆப்புக்கும் கான்டாக்ட் குடுக்குறது இல்ல, வாட்ஸ்அப் ஒண்ணுதான் விதிவிலக்கு. அடுத்தவங்க நம்பர யாராவது கேட்டா, அவங்களக் கேட்டுட்டு அனுப்புறேன்னு சொல்றேன். மொதல்ல முறைச்சாங்க, இப்ப பழகிட்டாங்க. போட்டோவ கேக்காம போடுறது இல்ல, சின்னப் பசங்க போட்டோ போடுறதே இல்ல. யாரோட வியாதி, வழக்கு எதையும் பேரோட சேத்து சேவ் பண்றது இல்ல. இதால எனக்கு ஒரு பைசா லாபம் கெடையாது, லாபம் எல்லாம் அடுத்தவங்களுக்கு. அவங்க எனக்கு இதையே பண்ணினாத்தான் எனக்கு லாபம், அவங்க பண்ண மாட்டாங்க, அதுதான் இதுல இருக்குற சிக்கல்.

ஒரு விஷயம் சொல்லிட்டு போறேன். மத்தவங்க அப்லோட் பண்ணினதுல உங்க நம்பரோ ஈமெயிலோ தங்ககிட்ட இருக்கான்னு பாத்து, இருந்தா அழிச்சிக்கிறதுக்கு ஃபேஸ்புக்கோட தாய்க் கம்பெனி மெட்டாவே ஒரு பக்கம் வெச்சிருக்காங்க. ஹெல்ப் பக்கங்களுக்குள்ள எங்கயோ ஒரு லிங்க்ல ஒளிஞ்சிருக்குறதால 2022 வாக்குல நியூஸ்ல வந்தப்புறம்தான் நெறய பேருக்குத் தெரிஞ்சுது. என் ஃப்ரெண்டுக்கு இதை சொன்னேன், உடனே போய் தொறந்தான். மொதல்ல உங்க நம்பர குடுங்கன்னு கேட்டுச்சு, இருக்கான்னு தேடணுமே. அப்புறம் அழிக்கிறோம், ஆனா திரும்ப யாராவது அப்லோட் பண்ணினா தடுக்கணும் இல்லையா, அதுக்காக ஒரு காப்பிய எங்க பிளாக் லிஸ்ட்ல வெச்சுக்குவோம்னு போட்டிருந்துச்சு. அவன் அதை ரெண்டு தடவை படிச்சுட்டு எனக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினான், அவன் நம்பர மறைக்காமலே.